சிப்பிகள் குடித்த கலங்கல்

எங்கிருந்தோ வந்த கருஞ்சிப்பி ஏரியின் தரையெல்லாம் அப்பிக்கொண்ட பிறகு, தண்ணீர் அடிவரை தெளிந்துவிட்டது.

"பளிங்காட்டம் கீது பாருய்யா," என்றாள் ஏகாம்பரத்தின் மனைவி குப்பம்மா.

"பளிங்கா? வழிச்சுத் தின்ன தட்டுடி அது. மீனுக்கு எதனா மிச்சம் வெச்சுதா?"

இருந்த நாலு மீனும் வலையைப் பார்த்தே ஒதுங்கின. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. குப்பம்மா துடுப்புப் போட, ஏகாம்பரம் கரைச் சேற்றைக் கூடையில் அள்ளிவந்து படகைச் சுற்றிக் கொட்டிக் கலக்கினார். தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்தது. வலையை உதறி விரிப்பதற்குள் கீழே சிப்பிகள் வாய் திறந்தன. கலங்கல் வடிந்து, வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது.

"கரைக்கு விடுடி. இன்னொரு கூடை அள்ளணும்."

"எத்தினி கூடைய்யா அள்ளுவ?"

கூடை பிடித்த சேற்றுக் கையைக் கழுவப் படகோரம் குனிந்தவள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரலில் ரத்தம்.

ஏகாம்பரம் படகின் அடிப்பலகையை எட்டிப் பார்த்தார். அங்கேயும் கருஞ்சிப்பி அப்பியிருந்தது.