கோழிக்கூண்டில் அடித்த வெயில்

பனிமலை வீடொன்றில் ஒரு பேட்டரி இருந்தது. அதற்குக் கரண்ட் தர இரண்டு சோலார் பேனல்கள். ஒன்று கூரையில் மல்லாந்து கிடந்தது. மற்றது சுவரில் செங்குத்தாக நின்றது.

கோடையில் கூரைப் பேனல்தான் அள்ளிக் கொட்டியது. பேட்டரி சுவர்ப் பேனலைப் பார்த்து, "நீ குடுக்கிற பிச்சைக்கு ஒரு வயர் வேறயா?" என்றது.

"பனி விழட்டும்ணே, அப்புறம் பேசுங்க," என்றது சுவர்ப் பேனல்.

பேட்டரியின் பேச்சைக் கேட்டு வீட்டுக்காரர் சுவர்ப் பேனலின் வயரை உருவினார். அதைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குத் தடுப்பாக நிறுத்தினார்.

மார்கழியில் முழங்காலளவு பனி விழுந்தது. "எங்கடா கரண்ட்?" என்று பேட்டரி அலறியது.

"மேல என்னமோ மூடிக்கிச்சுண்ணே, ஒண்ணும் தெரியல," என்றது கூரைப் பேனல்.

நான்காம் நாள், காலியான பேட்டரி உறைந்து விலா வெடித்தது. கடைசியாக ஜன்னல் வழியே பார்த்தது. கோழிக்கூண்டில் செங்குத்தாக நின்றதால் பனி ஒட்டாத சுவர்ப் பேனல் வெயிலில் தகதகத்தது.

"அண்ணே, வயரைக் குடுங்கண்ணே!" என்று அது கத்திக்கொண்டே இருந்தது.