நான்காவது புகார்

குடிநீர்க் குழாய் நிறுவனத்துக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவது அவள் வேலை. பாதி அடித்துக்கொண்டிருக்கும்போதே பிரவுசர் தானாக அப்டேட் ஆகி மூடித் திறக்கும். அடித்ததெல்லாம் காற்றோடு போய்விடும்.

"இன்னொரு தடவை போச்சுன்னா வேலை வேற ஆளுக்குத்தாம்மா" என்றார் மேலாளர். அன்றே தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைத்தாள்.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், 'அப்டேட் முடிந்தது' என்றது திரை. சந்தேகம் நேரே கணவன்மேல் போயிற்று.

"ஏங்க, கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"கால்ல கட்டோட கட்டில்ல கிடக்கேன். பறந்து வந்தா தொடுவேன்?"

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும், துப்பறியும் தாயே."

அப்டேட்டை அவள் நிறுத்தியது நிறுத்தியபடிதான் இருந்தது. காலையில் பாதியில் விட்டிருந்த மூன்று புகார்களும் பத்திரமாகத் திரும்பியிருந்தன. கூடவே நான்காவதாக ஒன்று. அதில் மறுநாள் வியாழக்கிழமைத் தேதி இருந்தது.

இது கட்டிலில் கிடக்கும் அந்த மனுஷன் வேலைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். 'மேல்மாடியில் தன்ணீர்' என்று தொடங்கியது. தண்ணீருக்கு அந்த 'ன்' போடுவது அவள் கை மட்டும்தான். மேலாளரிடம் எத்தனை திட்டு வாங்கியும் திருந்தாத கை.

புகார், 'மூன்று நாளாக வரவி' என்பதோடு நின்றிருந்தது. பக்கத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றான் கணவன்.

அடுத்த எழுத்து என்னவென்று அவளுக்குத் தெரியும். கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.