கடல் முள்ளெலியின் முட்டை

திரையில் கடல் முள்ளெலியின் முட்டை ஒன்று உருண்டையாக, அசையாமல் நின்றது. அதைச் சுற்றி விந்தணுக்கள் துடித்துக்கொண்டிருந்தன.

கல்லூரியில் விலங்கியல் கண்காட்சி. பேராசிரியர் ஆனந்தராஜ் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி காந்தா பட்டுக்கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, கூட்டத்தில் முதல் ஆளாக நின்றாள்.

"உடம்பெல்லாம் முள்ளு. மூளை கிடையாது. ஆனா பரிணாமத்துல பூச்சி, நத்தையைவிட இதுதான் நமக்குக் கிட்டத்து சொந்தம். கரு எப்படி உண்டாகுதுன்னு இதை வெச்சுத்தான் நிறைய தெரிஞ்சிக்கினாங்க."

ஒரே ஒரு விந்தணு உள்ளே நுழைந்தது. உடனே முட்டையைச் சுற்றி மெல்லிய சவ்வு எழும்பி மற்றவற்றை வெளியே நிறுத்தியது.

"ஏங்க, ஒண்ணுமே உள்ள போகலைன்னா, முட்டையிலதான் கோளாறா?" என்று கேட்டாள் காந்தா.

குழந்தைக்காக ஆறு வருடமாக அவள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறாள். மாமியார் சொல்வதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறாள்.

"ஆமா," என்றார் ஆனந்தராஜ்.

கணினி அருகே உட்கார்ந்திருந்த மாணவி ஷாஸியா நிமிர்ந்தாள். "சார், விந்தணு சரியா நீந்தலைன்னாலும் அப்படித்தானே? போன வாரம் நீங்கதான் நடத்தினீங்க."

அவருக்குக் காது மடல் சுட்டது.

காந்தா இப்போது ஷாஸியாவைப் பார்த்துக் கேட்டாள். "அதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமாம்மா?"

"இல்லக்கா. ஒரு டெஸ்ட்டுதான். ஒரே நாள்ல தெரிஞ்சிடும்."

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கல்யாணமான மறு வருடமே வேலூரில் போய் அந்த டெஸ்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டார்; கோளாறு அவரிடம்தான். திரும்பும் வழியில் தாமல் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ரிசல்ட் காகிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டார். வீட்டில் வந்து, "எனக்கு எல்லாம் நார்மல்," என்றார்.

காந்தா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

அவள் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். மதிய மாத்திரை. பழக்க தோஷத்தில் அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அட்டையை அப்படியே அவர் சட்டைப் பைக்குள் செருகினாள்.

பிறகு ஷாஸியா பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படத்தை இன்னொரு தடவை போடும்மா. இப்ப சார் சரியா சொல்லுவாரு."