குயிலைத் திருத்திய புல்லாங்குழல்

ஒத்திகை மண்டபத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்த ஆண்குயில், உள்ளிருந்து தன் பாட்டு வருவதைக் கேட்டு, சந்தோஷம் தாங்காமல் தானும் சேர்ந்து கூவியது.

"ஓய், நிறுத்தும்!" என்றது புல்லாங்குழல். "எங்கள் சிம்பொனியைக் கெடுக்காதீர்."

"அது என் பாட்டுதானே?"

"உம்முடையதை யார் அப்படியே வாசிப்பார்கள்? ஒரு கவிதை, ஒரு நடவுப் பாட்டு, ஒரு குயில். மூன்றையும் சேர்த்து எங்கள் மேதை எழுதியது இது. கவிதையில் வார்த்தைகள் தொந்தரவாக இருந்தன, எடுத்துவிட்டார். நடவுப் பாட்டில் ஒரே சேறு, கழுவிவிட்டார்."

"என் பாட்டில்?"

"போகப் போக உச்சத்துக்கு ஏறி, என்னவோ தலைபோகிற அவசரம் மாதிரிக் கத்துகிறீர். அதையும் நீக்கியாயிற்று. கேட்டுக் கற்றுக்கொள்ளும்."

குயிலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பங்குனி முழுக்க அந்த ஜன்னலிலேயே கிடந்து, தன் பாட்டைச் சுருதி பிசகாமல் கற்றுக்கொண்டது.

சித்திரையில் மாமரத்தில் உட்கார்ந்து, அடக்கமாக, நிதானமாகக் கூவியது. புல்லாங்குழல் உள்ளிருந்தே "சபாஷ்!" என்றது. எங்கிருந்தோ வந்த பெண்குயில் ஒன்று எதிர்க்கிளையில் அமர்ந்து, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டது.

"அருமை! மனசே அமைதியாகிவிட்டது" என்று பாராட்டிவிட்டு, அடுத்த மரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த படிக்காத குயிலிடம் பறந்து போயிற்று.