கண்ணாடி வேண்டாம்

"ஐம்பது வயசுல கான்டாக்ட் லென்ஸ் கேக்குதா உங்களுக்கு?"

கண்ணாடிக் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் லட்சியம் செய்யவில்லை. வங்கியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்த எரிச்சல் வேறு.

பள்ளி வேன் ஓட்டும் கணவன் பழைய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பரிசோதனை முடிந்திருந்தது. தூரமும் தெரியவில்லை, கிட்டப் பார்வையும் மங்கல்.

கண் பார்த்த பெண் சமாதானத்துக்கு வந்தாள். "ப்ரோக்ரசிவ் கண்ணாடி போதும் சார். மேல ரோடு தெரியும், கீழ எழுத்து தெரியும். நடுவுல கோடு இருக்காது."

"ரெண்டுக்கும் சேத்து லென்ஸ் இருக்குன்னீங்களே?"

"இருக்கு சார். ஆனா தினமும் போட்டுக் கழட்டணும். பழகுற வரைக்கும் வண்டி ஓட்டறது சிரமம்."

"வேனுக்குக் கண்ணாடி போட்டுக்கறேன். லென்ஸ் மத்தியானத்துக்கு மட்டும்தான்."

மனைவி கப்பென்று பிடித்துக்கொண்டாள். "அதென்ன மத்தியானம்? நான் பேங்க்ல இருக்கற நேரமா பாத்து யாருக்கு இந்த மைனர் வேஷம்?"

"மெதுவா பேசு. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல என்னைக்கு வாயைத் திறந்தீங்க? எங்கம்மா நினைவு தப்பி ஒரு ரூம்ல கிடக்கறாங்க. நான் இருக்கறப்போ ஒருநாளாவது அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்திருக்கீங்களா? மத்தியானம் ஒருவேளை ஊட்டிவிட்டா கடமை முடிஞ்சுது. இதுல அழகு வேற கேக்குது!"

அவன் பழைய கண்ணாடியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டான். அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது. மேஜையில் இருந்த ஒரு தடித்த கறுப்பு ஃப்ரேமை எடுத்து அவளே அவன் முகத்தில் மாட்டினாள்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் இப்படித்தான் போட்டிருந்தார். அவர் நடந்து வந்தா தெருவே மரியாதையா ஒதுங்கி நிக்கும். அது மனுஷன்!"

அவன் வெடுக்கென்று பிடுங்கி மேஜையில் வீசினான். "வேண்டாம்னா விட மாட்டியா?"

இத்தனை வருடத்தில் அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"யாருக்காக லென்ஸ்? இப்பவே சொல்லணும்."

"உங்கம்மாவுக்காக."

"எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?"

"கண்ணாடியோட ரூமுக்குள்ள போனா அத்தை நடுங்கறாங்க. ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு மூலையில ஒண்டிக்கறாங்க. கழட்டிட்டுப் போனா பேசாம சாப்பிடறாங்க. ஆனா எனக்குக் கண்ணு தெரியல. போன வாரம் மாத்திரையை மாத்திக் குடுக்க இருந்தேன்."

"உங்களைப் பாத்து அவங்க ஏன் நடுங்கணும்?" அவள் அவனருகே நெருங்கினாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க எங்கம்மாவை?"

கண் பார்த்த பெண் மெல்ல உள்ளே நழுவினாள்.

அவன் சொல்லாமல் இருந்துவிடத்தான் இத்தனை நாளும் பார்த்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல. என்னை உங்கப்பான்னு நினைச்சுக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிடறாங்க... 'சத்தம் போட மாட்டேன், அடிக்காதீங்க. குழந்தை முழிச்சுக்கப் போறா'ன்னு."