அனுமாருக்கு வைத்த தீ

"எரிச்சது நீதானே?"

அப்பா றஹீம் நானாவிடம் கேட்டார். அவர் ஏலக்காய் ஏற்ற வந்த தன் லொறியில் சாய்ந்து நின்றார். கையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். இதில் கேட்க என்ன இருக்கிறது?

கோயில் வாசலில் பாடை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. காலையில் ஏலக்காட்டில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் தூக்கிவந்து, மஞ்சள் தண்ணி ஊற்றி, மாலை போட்டு, பாடையில் வைத்தார்கள். அனுமார் செத்தால் மேளதாளத்தோடு புதைப்பதுதான் எங்கள் வழக்கம். தப்பு அடிக்கிறவர்கள் வருவதற்குள் சோறு தின்றுவிட்டு வரலாம் என்று போனார்கள். திரும்பி வந்தால் தீ.

"சாமிய எரிச்சவன் கை வெளங்குமா?" கிருஷ்ணம்மா அக்கா மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஒங்க புள்ளைங்கதான் அதுமேல இருந்த உண்ணியப் புடுங்கி வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க தங்கச்சி. வெரட்டிட்டுத்தான் பத்தவெச்சேன்."

"சாமி மேல இருந்த உண்ணி என்ன செய்யும்?"

என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போன கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா அப்பாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். இந்தியாவில் ஒரு காட்டில் குரங்குகள் இப்படித்தான் செத்து விழுந்தனவாம். செத்ததை விட்டு இறங்கிய உண்ணி மனுசரைக் கடித்ததாம். காய்ச்சல் வந்து ஆட்களே செத்துப் போய்விட்டார்களாம். "கண்டா தொடாம எரிச்சிடுங்க, கங்காணி" என்றார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அது விளங்கியது. அப்பாவும் தலையாட்டினார். ஆனால் லயத்தில் மூச்சு விடவில்லை. லயத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியும் கோயில் தலைவரும் அவர்தான். சாமியை எரி என்று சொன்னால், அடுத்த திருவிழாவில் பரிவட்டம் வேறு தலைக்குப் போகும்.

"லொறியக் கொளுத்துங்கடா" என்றார் கூட்டத்தில் நின்ற கணபதி.

அப்பா கையைத் தூக்கினார். "அதெல்லாம் வேணாம். இனிமே இவன் லொறி இந்த மலைக்கு ஏறக்கூடாது. ஏலக்காய வேற ஆள் ஏத்தட்டும்."

றஹீம் நானாவுக்கு மாத்தளைக்கு ஓடுகிற இந்த ஓட்டத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. வீடு நிறையப் பிள்ளைகள். அவர் அப்பாவையே பார்த்தார்.

"நீங்களுமா கங்காணி?"

"நான் என்ன செய்ய? லயமே சொல்லுது."

காலையில்கூட அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிட்டார் அப்பா. றஹீம் நானா லொறிக் கதவைத் திறந்தார்.

அப்போதுதான் அப்பா என்னைக் கண்டார். "நீ ஏன்டா இங்க நிக்கிற? வீட்டுக்குப் போ."

பாடைக்குப் பக்கத்தில் கிடந்த மண்ணெண்ணெய் டின்னை எடுத்தேன்.

"போறேன் அப்பா. இது நம்ம வீட்டு டின். கொண்டுபோய் வெக்கிறேன். 'நம்ம கை படவேணாம், றஹீம் நானாவ எரிக்கச் சொல்லு'ன்னு நீங்கதானே எங்கிட்ட குடுத்துவிட்டீங்க?"

கிருஷ்ணம்மா அக்கா கையிலிருந்த மிச்ச மண்ணைக் கீழே விட்டாள்.

டின்னைத் தரும்போது அப்பா எனக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"செத்தாலும் வாயத் தொறக்காத."