ஏணி எத்தனை படி முழுகும்?

"ரெண்டு கேள்வி கேப்பேன் தம்பி. பதில் சொன்னா மேல பேசலாம். சொல்லலன்னா பஜ்ஜிய துன்னுட்டு கெளம்பலாம். இன்னா?"

ஜேக்கப் இப்படிக் கேட்டதும், பெண் பார்க்க வந்திருந்த சாவியோ தலையாட்டினான். அவன் அம்மா கரோலின் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கைல இன்னாத்துக்குயா இந்த பேஜாரு?" என்றாள் ஃப்ளோரன்ஸ். ஜேக்கப்புக்கு முப்பது வருட மனைவி. சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் சொல்லிவிடுவாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஜேக்கப். ராயபுரத்தில் அவருடைய விடுகதைக்குத் தப்பியவர்கள் குறைவு. மகள் ஜானட்டைப் பார்க்க இதுவரை வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் விடுகதை போட்டே திருப்பி அனுப்பியிருந்தார். "வாரத்துக்கு ஒரு தபா வர்ற வாய் இன்னா?" என்று கேட்டதற்கு, பாங்கில் வேலை பார்க்கும் ஒருவன் எந்தக் கால்வாயில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று யோசித்து வியர்த்துப்போனான். செவ்வாய் என்று ஜேக்கப் சொல்வதற்குள் அவன் அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

உள்கதவோரம் நின்ற ஜானட் இன்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் சாவியோ முன்பின் தெரியாதவன் இல்லை. எண்ணூர் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்துவரும் படகில் அவனுக்கு வேலை. ஜானட் வேலை செய்யும் காலடிப்பேட்டை லேபுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ரத்தம் கொடுக்க வந்தவன், ஒரே ரிப்போர்ட்டை வாங்க நாலு தடவை வந்தான். அதற்கு மேல் சொல்லவும் வேண்டுமா?

தங்கை மகளின் காதல் கல்யாணத்துக்கே போகாதவர் ஜேக்கப். அவரிடம் இதைச் சொல்ல ஜானட்டுக்கு வாய் வரவில்லை. கோயிலில் பழக்கமான சிலுவையம்மாளைப் பிடித்து, புது வரன் போல சாவியோவைக் கூட்டிவர ஏற்பாடு செய்தாள். விடுகதைதான் மிச்சம். அதற்கும் வழி இருந்தது. புது விடுகதை எதையும் முதலில் மகளிடம் சொல்லிப் பார்ப்பது ஜேக்கப்பின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன இரண்டையும், பதிலோடு சேர்த்து, அன்றைக்கே சாவியோவுக்குப் போனில் சொல்லிவிட்டாள்.

"நீ பஸ் ஓட்டினு போற. டோல்கேட்ல பதினாறு பேர் ஏறுறாங்க. தேரடில ஒம்போது பேர் எறங்குறாங்க, நாலு பேர் ஏறுறாங்க. டிரைவருக்கு இன்னா வயசு?" என்று முதல் கேள்வியைப் போட்டார் ஜேக்கப்.

சாவியோ, சொல்லிக்கொடுத்தபடியே கொஞ்சம் முழித்தான், பிடரியைச் சொறிந்தான்.

"இருவத்தெட்டு அங்கிள். நான்தான ஓட்டுறேன்."

"பாத்தியா ஃப்ளோரன்ஸ்," என்று சிரித்தார் ஜேக்கப். "நம்பர காதுல போட்டா போதும், அல்லாரும் கூட்டிக் கழிக்க ஆரம்பிச்சுருவாங்க. 'நீ ஓட்டினு போற'ன்னு மொதல்லயே சொன்னது மறந்துபூடும். புத்தி இல்லாம யாரும் ஏமாறுறதில்ல. புத்திய தப்பான எடத்துல செலவு பண்ணித்தான் ஏமாறுறாங்க."

ஜானட்டுக்குப் பாதி உயிர் வந்தது.

"ரெண்டாவது. துறைமுகத்துல கப்பல் நிக்குது. பக்கவாட்டுல கயித்து ஏணி தொங்குது. கடசிப் படி தண்ணியத் தொட்டுகினு கீது. படிக்குப் படி ஒரு அடி. கடல் ரெண்டு அடி ஏறுது. எத்தினி படி முழுகும்?"

இந்த முறை சாவியோ நிஜமாகவே தயங்கினான். வாயைத் திறந்தான், மூடினான், ஓரக்கண்ணால் ஜானட்டைப் பார்த்தான். அவள் முந்தானையைச் சரிசெய்வதுபோல மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு படி அங்கிள்."

"எப்டி?"

"கணக்குப்படி ரெண்டுதான். ஆனா கயிறு நனைஞ்சா இழுபட்டு நீளும். அதால ஒண்ணு சேத்து மூணு."

ஜேக்கப் அவனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"சரியா தப்பா, சொல்லேன்யா," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"தப்பு," என்றார் ஜேக்கப். "ஒரு படியும் முழுவாது. கடல் ஏறுனா கப்பலும் மெதந்துகினு ஏறும், கூடவே ஏணியும் ஏறும். தெனம் கப்பல இழுத்துகினு வர்ற புள்ளைக்கு இது தெரியாதா இன்னா?"

ஜானட்டுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நைனா, நீதான மூணுன்னு…" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன். கயிறு நீளும்னு ஒரு டுபாக்கூர் பதில நானே கட்டினேன். உன் ஒருத்தி கைல மட்டும்தான் சொன்னேன், அது எண்ணூர் வரைக்கும் போய் வந்துகீது." ஜேக்கப்பின் குரல் இறங்கியது. "மூணு பேர் வந்து போனப்பவும் நீ உள்ள ஒக்காந்து அழுத, யாருக்காகன்னு மட்டும் சொல்லல. நீ எவனுக்குப் பதில் சொல்லிக் குடுப்பியோ, அவன் வர்ற வரைக்கும்தான் கண்ணு, மத்தவங்கள விடுகதை போட்டு அனுப்பிகினு இருந்தேன்."